பேச்சு போன வீட்டுக்கு ஆள் சேர்ப்பது: அஃபேசியா குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அப்பா அரசு பஸ்ஸில் 31 வருஷம் கண்டக்டர். பெரும்பாலும் மதுரை–ராஜபாளையம் ரூட். ஓய்வுபெற்ற நாலாவது வருஷம் ஒரு விடியற்காலையில் பாத்ரூமில் சரிந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "போலாம்". வீட்டுக்குப் போகலாம் என்கிறார் என்று நினைத்து அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் "போலாம்"தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் "போலாம்", வயிறு வலித்தாலும் "போலாம்", பேத்தியைப் பார்த்தால் "போலாம் போலாம்".

மூளை கலங்கிவிட்டது என்று சொந்தபந்தம் முடிவு கட்டியது. பார்க்க வந்த ஒரு மாமா அவர் முன்னாலேயே, "இனி கொழந்த மாதிரிதாம்மா, பாத்துக்க" என்றார். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குப் புரிகிறது என்று எனக்கு உறைத்தது அந்த நொடியில்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு. டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும் செய்கிற வேலையைப் பற்றி இதில் அதிகம் இருக்காது. அவருடன் பேசக் காத்திருக்கும் ஆட்களை ஒவ்வொருவராகச் சேர்ப்பது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன். அந்த வேலையை யாரும் நமக்குச் சீட்டில் எழுதித் தருவதில்லை.

முதலில் அதன் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் "அஃபேசியா" என்று ஒரு வார்த்தை இருந்தது. யாரும் விளக்கவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. மூளையில் மொழியைக் கையாளும் பகுதி அடிபடுவதால் வருவது அது. பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பகுதி மூளையின் இடப்பக்கம் இருக்கிறது. உடம்பின் வலப்பக்கத்தை ஆள்வதும் இடப்பக்க மூளைதான். அதனால்தான் வலது கை விழுந்தவர்களுக்குக் கூடவே பேச்சும் போவதை அதிகம் பார்க்கிறோம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. தலையில் பலத்த அடி பட்டாலும், மூளையில் கட்டி இருந்தாலும் வரலாம்.

தெரிந்தவர் பெயர் தொண்டை வரை வந்து நின்றுவிடும் அவஸ்தை நமக்கும் உண்டு. அதையே நாள் முழுக்க, ஒவ்வொரு சொல்லுக்கும் படுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியது மனசில் இருக்கும், சொல் கைக்கு வராது. வாசிப்பதும் எழுதுவதும்கூட அடிபடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. "பேச முடியலன்னா எழுதிக் காட்டுங்க" என்று பேனாவை நீட்டுகிறவர்களை அப்பா முறைப்பார்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. சிலர் ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கிப் பிடுங்கிப் பேசுவார்கள். சிலர் கடகடவென்று பேசுவார்கள், ஆனால் அதில் பொருள் இருக்காது. தாங்கள் பேசுவது பிறருக்கு விளங்கவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியாது, அதனால் நம்மேல் கோபம் வரும். சிலருக்குப் புரிந்துகொள்வதே நிறைய அடிபட்டிருக்கும். சொற்கள் சரியாக இருந்து வாய் மட்டும் குழறுவது வேறு பிரச்சினை, அதற்குப் பயிற்சியும் வேறு. எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரே சொல்லில் மாட்டிக்கொள்வது புதிதல்ல. 1861-ல் பாரிஸில் பால் ப்ரோக்கா என்ற மருத்துவர் பார்த்த லெபோர்ன் என்ற நோயாளிக்கு "டான்" என்ற ஓர் அசைதான் வாயில் மிச்சம். ஆஸ்பத்திரியில் அவரை டான் என்றே கூப்பிட்டார்கள். 31 வருஷம் விசில் ஊதி "போலாம் ரைட்" சொன்ன அப்பாவுக்கு "போலாம்" மிஞ்சியதில் எங்களுக்கு ஆச்சரியமில்லை. சொல் ஒன்றுதான், ராகம் பல. அம்மா ஒரே மாதத்தில் பசிப் "போலாம்", கோபப் "போலாம்", கேலிப் "போலாம்" என்று பிரித்துவிட்டாள்.

ஒரு எச்சரிக்கை. பக்கவாதமோ அடியோ இல்லாமல், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு குறைந்துவந்தால் அது வேறு வகை, நரம்பியல் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு அஃபேசியா என்று 2022 மார்ச்சில் குடும்பம் சொன்னது. 2023 பிப்ரவரியில், அடிப்படை நோய் மூளையின் முன்பகுதியைப் பாதிக்கும் ஒருவகை டிமென்ஷியா என்று அறிவித்தார்கள். மாறாக, திடீரென்று பேச்சு தடுமாறினாலோ வாய் ஒருபக்கம் கோணினாலோ கை தூக்க முடியாவிட்டாலோ, ஏற்கெனவே ஒருமுறை பக்கவாதம் வந்தவராக இருந்தாலும், 108-ஐக் கூப்பிடுங்கள். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் கணக்கு.

ஸ்பீச் தெரபிஸ்ட்டைத் தேடுங்கள்

நம் வீடுகளில் எல்லோருக்கும் முதல் கவலை நடை. "நடந்துட்டாப் போதும், பேச்சு தன்னால வந்துரும்" என்பார்கள். எங்களுக்கு இப்படி மூன்று மாதம் போனது. முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பதால் அந்த மூன்று மாதம் எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே "ஸ்பீச் தெரபிக்கு எங்கே போகணும்?" என்று கேளுங்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமல் வந்தாலோ புரை ஏறினாலோ அதையும் அவர்களிடமே சொல்லுங்கள். விழுங்குவதைப் பரிசோதிப்பதும் அவர்கள் வேலைதான்.

பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரிக்கலாம். சென்னையை ஒட்டி முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மைசூரில் அகில இந்திய பேச்சு, கேட்டல் நிறுவனம் 1960-களிலிருந்து நடக்கிறது. பேச்சுப் பயிற்சிப் படிப்பு நடத்தும் கல்லூரிகளில் மாணவர்கள், ஆசிரியர் மேற்பார்வையில், பயிற்சி தருவதுண்டு. தனியாரிடம் போனால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று எண்ணைக் கேட்டுவிடுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவர் பேசவைப்பார், மிச்ச நேரம் முழுக்க நம்மிடம்தான். ஆகவே "வீட்ல நாங்க எப்படிப் பேசணும்னு சொல்லிக்குடுங்க" என்பதை முதல் நாளே கேளுங்கள். எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அந்த ஒரு கேள்வியில் வந்தது.

"ஆறு மாசத்துக்கு மேல ஒண்ணும் வராது" என்று யாராவது கதவை மூடினால் நம்பாதீர்கள். வேகம் குறையும், ஆனால் வருடங்கள் கழித்தும் புதுச் சொற்கள் வந்துகொண்டிருக்கும். அதேபோல, நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறவர்களும் புறா ரத்தம் தடவச் சொல்கிறவர்களும் நிச்சயம் வருவார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள், தலையாட்டி அனுப்பிவிடுங்கள். காசு கேட்டால் மட்டும் வாசலிலேயே நிறுத்துங்கள்.

வீட்டுக்குள் முதல் வட்டம்: காத்திருக்கப் பழகுவது

டிவியை நிறுத்துங்கள். மிக்ஸி ஓடும்போது பேசாதீர்கள். எதிரே உட்கார்ந்து, முகம் தெரிய, ஒரு நேரத்தில் ஒரே விஷயம். வாக்கியம் சின்னதாக இருக்கட்டும், குரல் மாத்திரம் எப்போதும் பேசும் குரலாகவே இருக்கட்டும். காது கேட்காதவரிடம் கத்துவதுபோலக் கத்துவதும் கைக்குழந்தையிடம் கொஞ்சுவதும் அவரை அவமானப்படுத்தும்.

கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இதுதான் கஷ்டம். நம் வீடுகளில் ஒருவர் பேசி முடிக்கும் முன்னே அடுத்தவர் தொடங்கிவிடுவார். மூன்று எண்ணுவதற்குள் அம்மா உதவிக்கு வந்துவிடுவாள், நான் அவள் கையைப் பிடித்து அழுத்துவேன். ஏழு, எட்டில் அப்பாவின் உதடு அசையும்.

அடுத்து "ஆமா", "இல்ல". அஃபேசியாவில் இந்த இரண்டும் அடிக்கடி மாறிப்போகும். மனசில் ஆமாம் இருக்கும், வாயில் இல்லை வரும். இதோடு நம் ஊர்த் தலையாட்டல் வேறு. அது ஆமாமா இல்லையா என்று நமக்கே சில நேரம் தெரியாது. ஆகவே கட்டைவிரல் மேலே, கட்டைவிரல் கீழே என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது இரண்டு அட்டை. முக்கியமான விஷயம் என்றால் திருப்பிப்போட்டு இன்னொரு தடவை கேளுங்கள்: "கால் வலிக்குதா?" "கால் நல்லாத்தான் இருக்கா?" இரண்டுக்கும் ஆமாம் வந்தால் கேள்வி போய்ச் சேரவில்லை.

ஒரு நோட்டும் தடித்த பேனாவும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெரிய எழுத்தில், ஒரு தாளுக்கு இரண்டு மூன்று சொல். பேசுகிற சொல்லையே எழுதுங்கள்: "நீர் அருந்துகிறீர்களா" வேண்டாம், "தண்ணி" போதும். கூடவே ஒரு சின்னப் படம், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. கடைகளில் விற்கும் படப் புத்தகங்களில் ஆப்பிளும் ஒட்டகச்சிவிங்கியும் இருக்கும், அப்பாவுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. எங்கள் நோட்டில் இருப்பது போட்டோக்கள்: பெரியப்பா வீடு, பேத்தி, ரேஷன் கடை, அவருடைய மாத்திரை டப்பா, வடை, டிப்போ வாசல்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஆறாம் மாதம், ஒரு சாயங்காலம். அப்பா காலண்டரைக் காட்டி "போலாம்" என்றார், கோபப் "போலாம்". செக்கப்பா? கட்டைவிரல் கீழே. மாத்திரையா? கீழே. பென்ஷனா? கீழே. அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பேப்பரில் நாலு சொல் எழுதினேன்: ஆளு, ஊரு, பொருளு, ஒடம்பு. "ஊரு" மேல் இடது கை விரலை வைத்தார். என்ன தோன்றியதோ, பஸ் ஸ்டாண்டில் கூவுகிற ராகத்தில் "திருமங்கலம்..." என்று இழுத்தேன். "கல்லுப்பட்டி" என்றார் அப்பா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கிருஷ்ணன்கோயில், சீவில்லிபுத்தூர்" என்று சொல்லி நிறுத்தி, காலண்டரைத் தட்டினார். கூட ஓடிய டிரைவர் ஒருவரின் மகளுக்குக் கல்யாணம், ஸ்ரீவில்லிபுத்தூரில். தேதி போய்விட்டதா என்று கேட்கிறார். போகவில்லை, அடுத்த புதன். பத்திரிகை பத்து நாளாக ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. அவரிடம் காட்டவேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஆயிரம் தடவை அடுக்காகச் சொல்லிப் பழகியவை இப்படிச் சில நேரம் தப்பிப் பிழைத்துவிடும். ஒன்று இரண்டு மூன்று, திங்கள் செவ்வாய், சாமி பாட்டு, பழைய சினிமாப் பாட்டு, கெட்ட வார்த்தை. கெட்ட வார்த்தை வந்தால் அதிர்ச்சியடையாதீர்கள், எங்கள் பாட்டி மட்டும் அதற்குக் காதைப் பொத்திக்கொள்வாள். "அஞ்சு" என்று சொல்ல முடியாதவர் ஒன்றிலிருந்து எண்ணி ஐந்தில் நிறுத்துவார். அது தப்பு இல்லை, அவர் கண்டுபிடித்த வழி. அவனை அவள் என்பார், மகளை அம்மா என்பார், பெரியவர்களை "நீ" என்பார். திருத்தாதீர்கள். யாரைச் சொல்கிறார் என்று தெரிந்தால் போதும். வேலையில் இங்கிலீஷ் புழங்கியவருக்கு இங்கிலீஷ் சொல் முதலில் வந்தால் அதையும் தடுக்காதீர்கள்.

பிடிபடவே இல்லை என்றால் புரிந்த மாதிரி நடிக்காதீர்கள், உடனே தெரிந்துவிடும். டொராண்டோவில் அஃபேசியா நிறுவனம் ஒன்று இருக்கிறது. பாட் அராட்டோ என்ற பெண், கணவருக்கு அஃபேசியா வந்தபின் 1979-ல் தொடங்கியது. அங்கே பேசுகிற ஆளுக்குக் கற்றுத்தரும் முதல் பாடமே, எதிரில் இருப்பவரின் அறிவை வாய்விட்டு ஒப்புக்கொள்வது. நாங்கள் அதை மதுரைத் தமிழில் வைத்துக்கொண்டோம்: "ஒங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்ப்பா. எனக்குத்தான் பிடிபடல. சாப்ட்டுட்டு மறுபடி பாப்போம்." முதல் தடவை இதைச் சொன்னபோது அப்பா என் தலையில் கை வைத்தார்.

வாசலுக்கு வெளியே இரண்டாம் வட்டம்

முதல் மாதம் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக எல்லோரும் வருவார்கள். மூன்றாம் மாதம் யாரும் வரமாட்டார்கள். பாசம் இல்லாமல் இல்லை. என்ன பேசுவது என்று தெரியாத பயம். இந்தப் பயத்தைப் போக்குவது நம் வேலையாகிவிடுகிறது, அநியாயம்தான், ஆனாலும் செய்யுங்கள்.

"எப்ப வேணா வாங்க" என்று பொதுவாகச் சொன்னால் வரமாட்டார்கள். வேலை கொடுத்துக் கூப்பிடுங்கள். "செவ்வாய்க்கிழமை அஞ்சு மணிக்கு அப்பாவ டீக்கடை வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வர்றீங்களா மாமா? அரை மணி நேரம்." இப்படிக் கேட்டால் நாலு பேரில் ஒருவர் சரி என்பார். ஒருவர் போதும். சீட்டுக்கட்டு, தாயம், கேரம் எல்லாம் பேச்சில்லாமலே ஓடும். அப்பா இடது கையால் கேரம் அடிக்கப் பழகி, இப்போது எதிர்வீட்டுப் பையனிடம் தோற்பதில்லை. குழந்தைகள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள், சொல்லிக்கொடுக்காமலே சைகைக்குப் போய்விடுகிறார்கள்.

வருகிறவர்களுக்குக் கதவருகிலேயே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். அவரைப் பற்றி அவர் முன்னால் நம்மிடம் பேசக்கூடாது. "நான் யார் சொல்லுங்க பாப்போம்?" என்று பரீட்சை வைக்கக்கூடாது. பரீட்சை வைக்கிற ஒவ்வொருவரும் அவர் தோற்பதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பர்ஸில் ஓர் அட்டை கட்டாயம். எங்களுடையது இது:

"எனக்குப் பக்கவாதத்தால் பேச்சு பாதித்திருக்கிறது. புத்தி தெளிவாக இருக்கிறது. நான் குடித்திருக்கவில்லை. மெதுவாகப் பேசி, பதிலுக்குக் காத்திருங்கள். அவசரம் என்றால் பின்பக்கம் உள்ள நம்பருக்குப் பேசுங்கள்."

மூன்றாவது வரியைச் சேர்த்தது அனுபவத்தில். தள்ளாடும் நடை, குழம்பிய பேச்சு. பஸ் ஸ்டாப்பில் ஒருத்தர் அப்பாவைக் குடிகாரர் என்று விரட்டியிருக்கிறார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

டீக்கடை அண்ணனிடம் அட்டையைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஒரு கையில் டீக் கிளாஸையும் இன்னொரு கையில் காபி டம்ளரையும் தூக்கிக் காட்டி நிற்கிறார், அப்பா கை நீட்டும் வரை. பின்னால் நிற்கிறவர்களும் காத்திருக்கிறார்கள். எந்தப் பயிற்சிக்கும் போகாத மனிதர்.

காகிதங்களை ஒருமுறை சரிசெய்துவிடுங்கள்

இது சலிப்பான பகுதி, வேகமாகச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. அதன் விளக்கத்தில் அஃபேசியா என்ற பெயரே இருக்கிறது. "நடக்கிறாரே, இவருக்கு என்ன ஊனம்?" என்று கேட்கும் மேசைகளில் இதைச் சொல்லுங்கள். பாதிப்பு நிரந்தரம் என்று தெரிந்த பிறகே சான்று தருவார்கள் என்பதால் உடனே கிடைக்காது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து, தேசிய அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பியுங்கள். பல சலுகைகளுக்கு 40 சதவீதம் என்பது எல்லை. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. அந்தச் சீட்டை அப்பா முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார், தொழில் புத்தி.

வங்கியில் கையெழுத்து மாறிவிடும். இடது கைக் கையெழுத்தைப் புதிதாகப் பதியச் சொல்லுங்கள். கையெழுத்தே போட முடியாதவர் ரேகை வைக்கலாம், இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்கவேண்டும். இது ரிசர்வ் வங்கி சொன்ன வழி. 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து சேவை தரவேண்டும் என்றும் 2017-ல் சொல்லியிருக்கிறது. பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றைத் தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொடுப்பார். ஏடிஎம் எண், ஓடிபி எல்லாம் அவருக்கு இப்போது மலை. அதற்காக எல்லாவற்றையும் அவர் கையிலிருந்து பிடுங்கிவிடாதீர்கள். மாதா மாதம் பாஸ்புக்கை அவரிடம் காட்டுங்கள். அவர் பணம்.

கவனித்துக்கொள்பவர்

அம்மா ஒருநாள் கொல்லைப்புறத்தில் பாத்திரத்தைப் போட்டு உடைத்தாள். அப்பா நாலாவது தடவையாக "போலாம்" என்றது மட்டும்தான் காரணம். பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். நாற்பது வருஷம் பேசிய புருஷனோடு ஒரு சண்டைகூடப் போட முடியவில்லை என்பதுதான் அவள் துக்கம். "பதிலுக்கு ரெண்டு வார்த்த திட்டுனாக்கூட நல்லாருக்கும்" என்றாள்.

வாரத்தில் ஒரு அரைநாள், பெயர் எழுதிய அரைநாள், கவனிப்பவருக்கு வேண்டும். கோயிலுக்கோ தங்கச்சி வீட்டுக்கோ சும்மா தூங்கவோ. அதற்கு ஆள் மாற்ற முடியாவிட்டால் அதுதான் நீங்கள் முதலில் தீர்க்கவேண்டிய பிரச்சினை. பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு மிகவும் சகஜம். சொல்லத் தெரியாதவருக்கு அது சாப்பாட்டை ஒதுக்குவதாக, பயிற்சிக்கு வரமறுப்பதாக, காலையிலேயே படுத்துக்கொள்வதாகத் தெரியும். டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது. உங்களுக்கே தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

மூன்றாம் வட்டம்: உங்களைப் போன்ற இன்னும் மூன்று வீடுகள்

அஃபேசியா உள்ளவரும் குடும்பமும் சந்திக்கிற கூட்டம் உங்கள் ஊரில் இருந்தால் இன்றே போய்ச் சேருங்கள். இல்லையென்றால் தொடங்குங்கள். நிறுவனம், பதிவு, ரசீது புத்தகம் எதுவும் வேண்டாம். நான்கு குடும்பம் போதும்.

எங்கே கண்டுபிடிப்பது? நரம்பியல் ஓபி வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோமே, அங்கேயே. பிசியோதெரபிஸ்ட்டிடம் உங்கள் நம்பரைக் கொடுத்து, "எங்கள மாதிரி யாராவது வந்தா இதக் குடுங்க" என்று சொல்லுங்கள். அடுத்தவர் நம்பரை அவரிடம் கேட்காதீர்கள், அது முறையில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வருகிறவர்களுக்கு எந்தத் தெருவில் யார் படுத்திருக்கிறார் என்று தெரியும். எங்களுக்கு இரண்டாவது குடும்பம் மருந்துக்கடையில் கிடைத்தது. எங்களுடைய அதே மாத்திரைகள் எழுதிய சீட்டை நீட்டிய ஒரு அக்கா.

இடம் தரைத்தளமாக இருக்கவேண்டும், பலருக்கு ஒரு கால் இழுக்கும். உட்காரும் டாய்லெட் வேண்டும். எதிரொலிக்கிற மண்டபம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி வகுப்பறை, நூலகத்தின் ஒரு மூலை, யாருடைய வீட்டு முன்னறையாவது. காலை பதினொன்று நல்ல நேரம், குளித்துச் சாப்பிட்டு வர அவகாசம் இருக்கும், மத்தியானச் சோர்வும் தொடங்கியிருக்காது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பேச்சைத் தேடுவது உடம்பைக் களைக்கவைக்கும் வேலை.

எங்கள் முதல் கூட்டம் படுதோல்வி. ஒரு டாக்டரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசவிட்டோம். அதைவிட மோசம், ஆரம்பத்திலேயே மைக்கைக் கொடுத்து "எல்லாரும் ஒங்க பேரச் சொல்லி அறிமுகம் பண்ணிக்கங்க" என்றோம். தன் பெயரைச் சொல்ல முடியாமல் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். அவர் அதற்கப்புறம் வரவேயில்லை. இன்னும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

இப்போது செய்வது: உள்ளே நுழைந்ததும் பெயரும் போட்டோவும் உள்ள பேட்ஜைக் குடும்பத்தாரே குத்திவிடுவார்கள். பெரிய மேசை ஒன்று, சுற்றிலும் ஆறேழு பேர், அதற்கு மேல் வந்தால் இரண்டு மேசை. நடுவில் ஏதாவது ஒரு பொருள் இருக்கும். ஒரு வாரம் அன்றைய பேப்பரின் படங்கள். ஒரு வாரம் அவரவர் கல்யாண போட்டோ. ஒரு வாரம் மார்க்கெட்டிலிருந்து ஐந்து காய். விலையை விரலால் காட்டவேண்டும். வெண்டைக்காய் விலைக்கு வந்த சண்டை இருபது நிமிடம் ஓடியது, ஒரு முழு வாக்கியம்கூட இல்லாமல். பல்லாங்குழி நன்றாக வேலை செய்யும்: ஒரு கை போதும், எண்ணிக்கை தன்னால் வரும். கடைசியில் பாட்டு. பேசவராதவர்கள் பாடும்போது வார்த்தை வந்து விழுவதை முதன்முறை பார்க்கிற மனைவிமார் அழுவார்கள், தண்ணீர் எடுத்துவையுங்கள். பாடுவது பேசிவிடுவதற்குச் சமமில்லை என்பதையும் பதமாகச் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் எதிர்பார்த்து ஏமாறுவார்கள்.

மேசையில் சட்டம் ஒன்றே ஒன்று: யாருடைய வாக்கியத்தையும் யாரும் முடித்துக்கொடுக்கக்கூடாது, அவர் கண்ணால் கேட்டாலொழிய. இதை மீறுவது எப்போதும் மனைவியோ மகனோதான். அதனால் அரை மணி நேரம் கவனிப்பவர்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிடுகிறோம். அங்கே டயப்பர் விலை, தூக்கமின்மை, நாத்தனார் எல்லாம் பேசித் தீர்ப்பார்கள். இங்கே மேசையில், காப்பாற்ற ஆள் இல்லாதபோது, அதுவரை வாயே திறக்காதவர் பக்கத்தில் இருப்பவரை இடித்துச் சிரிப்பார். பேச்சுப் பயிற்சி படிக்கும் மாணவர்கள் இரண்டு பேர் கிடைத்தால் மேசைக்கு ஒருவராக உட்காரவையுங்கள். அவர்களுக்கும் படிப்பு, நமக்கும் உதவி.

செலவு டீயும் சுண்டலும்தான், வீட்டுக்கு ஒரு முறை. ரெக்சின் பேனர் அடிக்க ஒருவர் கிளம்புவார், தடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழு கவனிப்பவர்களுக்குத் தனி, பேச்சு போனவர்களுக்குத் தனி. அவர்கள் குழுவில் எழுத்து வேண்டாம், போட்டோவும் குரல் பதிவும் போதும். அப்பா தினமும் காலையில் டீ கிளாஸ் போட்டோ போடுவார். ஏழு பேர் அவரவர் டீ கிளாஸைத் திருப்பிப் போடுவார்கள்.

கலையும் முன் அடுத்த தேதியை எல்லோர் நோட்டிலும் பெரிதாக எழுதி வட்டம் போட்டுவிடுங்கள். வராதவருக்கு அன்று சாயங்காலமே போன் போடுங்கள், முடிந்தால் வீடியோ. வீட்டில் எடுக்கிறவர் "அவருக்கு ஒடம்பு அசதி, அடுத்த வாட்டி வர்றோம்" என்று முடிக்கப் பார்ப்பார். போனை அவரிடமே கொடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இருக்காது, முகம் மட்டும் தெரியும். கட் பண்ணாமல் பத்து எண்ணுங்கள்.